சந்தனத்துக்கு அடியில் இருந்த விலாசம்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் அப்போது ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. இரண்டு செங்கலைச் சேர்த்து நிமிர்த்தி வைத்த அளவுதான். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். முன்பக்கம் சின்னச் சின்ன பச்சை விளக்குகள். பின்பக்கம் ஒரு நீல வயர். அந்த வயர் சுவரோரமாக ஓடி வேலை அறைக்குப் போய், அங்கே இருந்த இரண்டு கம்ப்யூட்டரோடும் சேரும். வீட்டுக்காரர் ஒன்றில் டிசைன் போடுவார். நான் இன்னொன்றில் தமிழ் டைப் அடிப்பேன். இரண்டு பேர் வேலையும் போய்ச் சேருகிற பொது பீரோ அந்தப் பெட்டி.

சாமி அலமாரியில் வைத்ததற்கு இரண்டு காரணம். யுபிஎஸ் பிளக் அந்தச் சுவரில்தான் இருந்தது. சாமிக்குப் பக்கத்தில் இருந்தால் கெட்டுப்போகாது என்று நானும் சொன்னேன். முதல் காரணத்தை வீட்டுக்காரர் வெளியாட்களிடம் சொல்லுவார். இரண்டாவதை நான் சொல்லுவேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டினேன். வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் மெஷின்மேனாக இருந்து, கம்ப்யூட்டர் வந்த பிறகு டிசைன் கற்றுக்கொண்டு, கடைசியில் வீட்டிலேயே இரண்டு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். காலண்டருக்கு நல்ல நேரம், ராகு காலம், பிரதோஷம், கிருத்திகை எல்லாம் அடிப்பது நான்தான். ஊர் முழுக்க எந்த வீட்டில் காலண்டரைப் பார்த்தாலும் என் கண் ராகு காலத்துக்குத்தான் முதலில் போகும். சரியாக அடித்திருக்கிறேனா என்று ஒரு பயம்.

பெட்டியை வாங்கி வந்து மாட்டியது என் கொழுந்தனார். வீட்டுக்காரரின் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு பொங்கலுக்கு வந்தவர், கரும்பைக் கூடக் கடிக்காமல் ஒரு நாள் முழுக்கத் தரையில் படுத்து வயர் ஓட்டினார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், பெட்டிக்கும் கையாலேயே ஒரு நம்பர் கொடுத்தார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "மதினி, இதை மட்டும் எப்பவும் ஆஃப் பண்ணாதீக."

அந்த வருஷம் விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த ஒரு முதலாளி மாதக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தார். பன்னிரண்டு மாதத்துக்கும் நம் பக்கத்து அம்மன்களாகப் பன்னிரண்டு படம் வேண்டும், காலண்டர் ஆல்பத்தில் இருக்கிற பழைய படம் வேண்டாம், புதிதாக வரைந்து கொடுங்கள் என்றார். அதுவரை வீட்டுக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மற்றவர் வரைந்த சாமிக்குக் கீழே கடைப் பெயரைப் பொருத்துவதுதான் அவர் வேலையாக இருந்தது.

அவர் வரைந்தார். காகிதம் இல்லை, அட்டை இல்லை, வர்ணம் இல்லை. மேசை மேல் ஒரு பலகை, கையில் மை இல்லாத ஒரு பேனா, எதிரே திரை. ஆடி பிறந்ததிலிருந்து அதுதான். வெள்ளிக்கிழமை விரதம் இருந்துதான் அம்மன் முகத்தில் கை வைப்பார். முகம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் பூமியில் வேறு எங்கேயும் இல்லை. கையால் தொட முடியாது, சுருட்டிப் பரணில் வைக்க முடியாது. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தார்கள். சிடியில் எழுதி வைக்கலாம் என்றால் ஒவ்வொரு படமும் சிடிக்குள் அடங்காத பெரிசு. பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும் என்று கொழுந்தனார் சொன்ன தைரியத்தில் இருந்துவிட்டோம்.

விஜயதசமியன்று படங்களை அச்சுத் தகட்டில் ஏற்றி பிளேட் போட வேண்டும் என்பது மண்டிக்காரரின் பிடிவாதம். நல்ல காரியத்தை அன்றைக்குத்தான் தொடங்குவார். பிளேட் போடுகிற இடத்தில் அன்று மத்தியானத்துக்குமேல் எங்களுக்கு நேரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். காலண்டர் சீசனில் அந்த நேரத்தை விட்டால் பிறகு கார்த்திகைதான். அவ்வளவு நாள் அவர் பொறுக்க மாட்டார். வேறு இடத்தில் ஆல்பத்தைப் புரட்டி ஏதோ ஒரு படத்தைக் காட்டி, இதைப் போடு என்று சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் வரைந்த சாமி யார் வீட்டுச் சுவருக்கும் போகாது.

முதல் நாள் ஆயுத பூஜை. சிவகாசியில் அன்றைக்கு மெஷினுக்கெல்லாம் தலைக்குக் குளிப்பாட்டாத குறைதான். அச்சாபீசில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் எண்ணெய் விடுகிற சின்னச் சின்ன ஓட்டைகளில் பேப்பர் தூசி அடைத்துக்கொள்ளும். பூஜைக்கு முன்னால் ஒவ்வொரு ஓட்டையையும் கம்பி விட்டுக் குடைந்து, துடைத்து, அதற்குப் பிறகுதான் பொட்டு. வீட்டுக்காரர் மெஷினை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் கை மாறவில்லை. கம்ப்யூட்டர்கள், பிரிண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றையும் துடைத்தார். பெட்டியை நிறுத்தக்கூடாது என்பதால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே துடைத்தார். அதன் பின்பக்கத்தில் குண்டூசி முனை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதையும் விடவில்லை. பூக்கட்டுகிற கம்பியை நீட்டி, உள்ளே ஏதோ தட்டுப்படவும், அழுக்குதான் கட்டியாகிவிட்டது என்று அழுத்திப் பிடித்துக் குடைந்தார். பெட்டி 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுத்தது.

"பாத்தியா, நல்ல சகுனம்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முன்பக்கம் சந்தனம் வைத்தால் விளக்குகள் மறையும் என்று நான் பின்பக்கமாகத் திருப்பி, அங்கே ஒட்டியிருந்த ஒரு வெள்ளைத் தாள் மேல் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். சூடம் காட்டினோம். பொரிகடலை தின்றோம்.

மறுநாள் காலையில் குளித்து, மறுபூஜை போட்டுவிட்டு, அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். விஜயதசமிக்கு முதல் வேலையாக அந்தப் படங்களை, பிளேட் போடுகிறவர்கள் கொடுத்திருந்த பெரிய பென்டிரைவில் ஏற்ற வேண்டும். திரையில் பெட்டிக்கென்று இருக்கிற சின்ன அடையாளப் படத்தை அழுத்தினார். மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அப்படி ஒன்று இங்கே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

என் கம்ப்யூட்டரில் பார்த்தோம். அதிலும் இல்லை. ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. பச்சை விளக்குகள் வழக்கம்போல மினுக்கிக்கொண்டிருந்தன. கையை வைத்தால் வெதுவெதுப்பாக, உள்ளே சுற்றுகிற அதிர்வுகூடத் தெரிந்தது. இருக்கிறது; ஆனால் இல்லை என்கிறது.

வீட்டுக்காரர் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டார். அவர் பூஜையில் இருந்தார் போல. பின்னால் மணிச் சத்தம். "பெட்டியத் தூக்கிட்டு வந்துருங்கண்ணே, பார்மட் அடிச்சுப் பாத்துருவோம்" என்றார்.

பார்மட் என்றால் சிலேட்டை அழிக்கிற மாதிரி என்பது எனக்கே தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாதா? பதற்றத்தில் மனுஷன் கட்டைப்பையை எடுத்து வந்து வயரைப் பிடுங்கப் போனார். நான் அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஏளா, தள்ளு. மத்தியானத்துக்குள்ள போகணும்."

"தள்ள மாட்டேன். மாட்டுன ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூக்குங்க."

"அவன் பெங்களூர்ல இருந்துக்கிட்டு என்னத்தப் பாப்பான்?"

"நான் பாத்துச் சொல்லுதேன்."

கொழுந்தனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது.

"மதினி, பெட்டில விளக்கு எரியுதா?"

"எரியுது தம்பி."

"வயரு சொருகுன இடத்துல?"

"அங்கனயும் பச்சை. துடிக்குது."

"அப்ப உசுரு இருக்கு. அண்ணே, கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து நான் சொல்றதை அடிங்க."

'பிங்' என்று அடித்து, பெட்டிக்கு அவர் கொடுத்திருந்த நம்பரை அடிக்கச் சொன்னார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி, நூற்று அறுபத்தெட்டு, புள்ளி, ஒன்று, புள்ளி, ஐம்பது. அது கூப்பிட்டுப் பார்க்கிற வேலையாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், இருக்கிறவன் 'ஏன்' என்று கேட்பான். நான்கு தரம் கூப்பிட்டது. நான்கு தரமும் பதில் இல்லை என்றே வந்தது. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"நேத்து அதை யாரும் தொட்டீகளா?"

"தொடலையேடா. தொடச்சுப் பொட்டு வச்சோம், அம்புட்டுத்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"ஓட்டையையும் குடைஞ்சாக" என்றேன் நான்.

"என்ன ஓட்டை மதினி?"

"பின்னாடி இருக்குல்ல, பொடி ஓட்டை. எண்ணெ ஓட்டை மாதிரி. கம்பிய விட்டு நல்லாக் குடைஞ்சாக. பீப்புன்னு சத்தங்கூட வந்துச்சு."



"அண்ணே" என்றார் கொழுந்தனார் மெதுவாக. "அதுக்குள்ள எண்ணெ எதுவும் விட்டீகளா?"

"இல்லலே."

"மாரியாத்தா காப்பாத்துனா. அது ரீசெட் பட்டன்ணே. நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மறந்துட்டு, கம்பெனில இருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிருக்கும்."

வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அப்ப படமெல்லாம்?"

"படத்துல கை வைக்காதுண்ணே. வைக்கக் கூடாது." அந்த இரண்டாவது வார்த்தையில் அவருக்கே உறுதி இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. "மதினி, இப்படி வச்சுக்கோங்க. அந்த நம்பர்ல மொத ரெண்டும் ஊரு. மூணாவது தெரு. கடைசி கதவு நம்பர். உங்க கம்ப்யூட்டர் ரெண்டும் ஒண்ணாம் தெருவுல இருக்கு. பெட்டி பழைய ஞாபகத்துல வேற தெருவுக்குப் போயி உக்காந்துருக்கு. நீங்க இந்தத் தெருவுல நின்னு கூப்பிட்டா எப்படி வரும்?"

"வயரு ஒண்ணுதான தம்பி? இந்தா கை நீட்டுனா தொடுதேனே!"

"வயரு ஒண்ணுதான். ஆனா விலாசம் வேற."

நான் பெட்டியைப் பார்த்தேன். ஒரே வீடு, ஒரே வயர், நடுவில் ஒரு சுவர்கூட இல்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்க முடிகிறது. எத்தனை தரம் கருவறை முன்னால் நின்றுவிட்டு ஒன்றும் காணாமல் வந்திருக்கிறேன் என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. அது என்னை உலுக்கிவிட்டது.

"கம்பெனி விலாசம் பின்னாடி வெள்ளைத் தாள்ல இருக்கும். படிங்க" என்றார் கொழுந்தனார்.

வெள்ளைத் தாள் மேல்தான் என் சந்தனம் இருந்தது. ராத்திரி முழுக்கப் பெட்டிச் சூட்டில் காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. விஜயதசமியும் அதுவுமாக, சாமிக்கு வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா?

"தாயே, உன்னைத் தேடித்தான் அழிக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல எடுத்தேன். மஞ்சளுக்கு அடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாவது இடத்தில் ஒன்றுக்குப் பதிலாகச் சைபர். கடைசியில் முப்பத்திரண்டு.

"சைபராம் தெரு" என்றேன்.

"அதேதான். அண்ணே, இப்ப உங்க கம்ப்யூட்டரை அந்தத் தெருவுக்குக் குடி மாத்தணும்."

எங்கெங்கோ அழுத்தச் சொன்னார். ஒரு சன்னலுக்குள் இன்னொரு சன்னல், அதற்குள் ஒன்று. கடைசியில் எண் போடுகிற கட்டங்கள் வந்தன. நான் தாளைப் பார்த்துப் படிக்கப் படிக்க, வீட்டுக்காரர் அடித்தார். அடித்து முடித்ததும் திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு சேதி எழும்பியது.

"போச்சு. இதுவும் கெட்டுச்சு" என்று அவர் கையை உதறினார்.

"என்ன வந்துருக்குன்னு எழுத்துக் கூட்டிப் படிங்கண்ணே."

அவர் படித்தார். பாதிதான் படித்திருப்பார், கொழுந்தனார் போனுக்குள்ளிருந்து கத்தியே விட்டார். "கடைசி நம்பர் என்ன போட்டீக?"

"தாள்ல இருந்ததுதான். முப்பத்திரண்டு."

"அது பெட்டியோட வீட்டு நம்பர்ணே! அதையே உங்களுக்கும் போட்டுக்கிட்டீகளா? பக்கத்து வீட்டு நம்பர் போடணும்!" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சிரிப்பு. "மதினி, அந்தச் சேதி என்ன சொல்லுது தெரியுமா? இந்த வீட்டுல ஏற்கெனவே ஆள் குடியிருக்கு, நீ வராதேங்குது. ஆள் இருக்கு மதினி! அங்கதான் இருக்கு!"

நாங்கள் கூப்பிட்டபோது பேசாதது, நாங்கள் தவறிப்போய் அதன் இடத்திலேயே போய் உட்காரப் பார்த்ததும், நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது. சரியாகச் செய்திருந்தால்கூட அப்படி ஒரு வார்த்தை வந்திருக்காது. நான் இரண்டு கையையும் எடுத்து அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டேன். மேல்தட்டைக் கும்பிட்டேனா கீழ்த்தட்டைக் கும்பிட்டேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசி எண்ணை மாற்றினார். மறுபடி 'பிங்'. இந்தத் தரம் நான் அடிக்கிறேன் என்று சொல்லி நானே அடித்தேன். எண்டரைத் தட்டின விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கூப்பிட்ட ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பதில்.

அதன் பிறகும் அரைமணி நேர வேலை இருந்தது. பெட்டிக்கென்று உள்ள பக்கத்தைத் திறந்து, இரண்டு டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்று பார்த்தோம். பழைய விலாசத்தைத் திரும்பக் கொடுத்தோம். அது ஒருமுறை அணைந்து எழுந்தது. விளக்குகள் எல்லாம் அணைந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டரையும் திரும்ப ஒன்றாம் தெருவுக்குக் கொண்டுவந்தோம். பெயர், கடவுச்சொல் எல்லாம் புதிதாகப் போட்டோம். வீட்டுக்காரர் பெட்டிக்கான அந்த அடையாளப் படத்தை மறுபடி அழுத்தினார்.

பைல்கள் வந்தன. பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே மாதத்தின் பெயர். கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் பிழைத்து ஆள் போய்விட்டதோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஜனவரிக் கட்டத்தில் இருக்கன்குடி மாரி கண் திறந்தாள். அடுத்து பிப்ரவரி. அடுத்து மார்ச். ஒவ்வொரு முகமாக இருட்டிலிருந்து வந்து நின்றார்கள். வரைந்த மனுஷனே முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி எழுந்து நின்றுவிட்டார். டிசம்பர் வந்து சேர்கிற வரைக்கும் உட்காரவில்லை.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

"வந்துட்டாக இல்ல? கிளம்புங்க. நேரம் ஆகுது" என்றேன். அவரை அனுப்பாவிட்டால் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

அவர் பன்னிரண்டையும் பென்டிரைவில் ஏற்றி, அதைச் சட்டைப்பையில் போட்டு, பைக்கு மேலே ஒரு கையால் அமுக்கிக்கொண்டே டிவிஎஸ்ஸை எடுத்தார். ஒற்றைக் கையால் ஓட்டாதீர்கள் என்று நான் தெருமுனை வரை கத்திக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தால் போன் இன்னும் ஸ்பீக்கரில் இருந்தது.

"மதினி, வச்சுரட்டுமா? இன்னும் பல்லுகூட வெளக்கல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் தம்பி. நாம வேற தெருவுல நின்னு கூப்பிட்டோம்ல, மொதல்ல. அப்ப அதுக்குக் கேக்கவே இல்லையா?"

அவர் யோசித்தார். "கேட்டுருக்கும் மதினி. வயரு ஒண்ணுதானே? நீங்க கூப்பிட்ட அம்புட்டும் அதோட வாசல் வரைக்கும் போயிருக்கும். கூப்பிட்ட நம்பர் வேறங்கிறதால, நம்மள இல்லன்னு பேசாம இருந்துருக்கும்."

"அப்ப காதுல விழுந்துருக்கு."

"விழுந்துருக்கும்."

போனை வைத்துவிட்டு அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிரார்த்தனைகளில் பாதிக்குப் பதில் வந்ததில்லை. பிள்ளை கேட்டுப் பூக்குழி இறங்கித் தீ மிதித்த வருஷங்கள் உண்டு. யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் அதையெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். வாசல் வரை போயிருக்கும் என்று ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவும் வயரைப் பற்றிச் சொன்ன பேச்சு. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அடுப்பில் உலைகூட வைக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்காரர் பிளேட் போடுகிற இடத்திலிருந்து பேசினார். பின்னால் மெஷின் சத்தம்.

"ஏளா, மொத பிளேட்டு வந்துருச்சு. மண்டிக்காரரும் இங்கனதான் நிக்காக. செருப்பைக் கழட்டிட்டு நிக்காக."

"நீங்க?"

"நான் எப்பவோ கழட்டிட்டேன்."